நெஞ்சுவலிக்கு கிளினிக்கல் ட்ரையல்: அப்பா கையெழுத்துப் போடும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது என்ன?

திருவனந்தபுரத்தில் சாலை பஜாரை ஒட்டிய ஆரியசாலை, தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. அங்கே உங்கள் அப்பா கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. உட்கார்ந்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது. ‘ஸ்டேபிள் ஆஞ்சைனா’ என்கிறார் டாக்டர். கூடவே, “ஒரு ட்ரையல் இருக்கு, சேர்றீங்களா?” என்றும் கேட்கிறார். சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் உங்களுக்கு போன் வருகிறது.

‘அப்பாவை சோதனை எலி ஆக்குறாங்களோ’ என்ற பயம் ஒரு பக்கம், ‘புது மருந்து ஃப்ரீயா கிடைக்குமே’ என்ற ஆசை மறுபக்கம். இந்த இரண்டை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

இதில் ஆராய இன்னும் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடும் என்பதுதான் பலரின் நம்பிக்கை. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த ‘இஸ்கீமியா’ ஆய்வு இதைச் சோதித்தது. பாதிப் பேருக்கு மருந்துடன் ஆஞ்சியோகிராம், தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மற்றவர்களுக்கு முதலில் மருந்து மட்டும். சராசரியாக மூன்று ஆண்டுக்கு மேல் கண்காணித்ததில், முதல் குழுவில் 145 பேரும் இரண்டாவது குழுவில் 144 பேரும் இறந்திருந்தார்கள். ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனால், அடிக்கடி வலி வந்தவர்களுக்கு முதல் வழி கூடுதல் நிவாரணம் தந்தது.

அந்த நிவாரணம் ஸ்டென்ட்டால் வந்ததா, ‘நமக்கு ஆபரேஷன் ஆச்சு’ என்ற நம்பிக்கையால் வந்ததா? 2023-இல் வெளியான பிரிட்டனின் ‘ஆர்பிட்டா-2’ இதற்கு விடை தேடியது. 301 பேரில் ஒரு பகுதியினருக்கு ஸ்டென்ட், மற்றவர்களுக்கு ஸ்டென்ட் வைப்பதுபோல ஒரு போலிச் சிகிச்சை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 12 வாரம் கழித்து வலியே இல்லாமல் இருந்தவர்கள் ஸ்டென்ட் குழுவில் 40 சதவீதம், போலிச் சிகிச்சைக் குழுவில் 15 சதவீதம்.

இன்று உங்கள் அப்பாவின் டாக்டர் சொல்லும் ஆலோசனைக்குப் பின்னால், இப்படிக் கையெழுத்துப் போட்ட ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே தேடுவது?

ஐசிஎம்ஆர் நடத்தும் ‘கிளினிக்கல் ட்ரையல்ஸ் ரெஜிஸ்ட்ரி – இந்தியா’, சுருக்கமாக சிடிஆர்ஐ. 2007 முதல் இயங்குகிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்த ஆய்வுகளை மட்டுமே இது ஏற்கிறது. டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: “சிடிஆர்ஐ நம்பர் என்ன?”

நீங்களே தேடினால், ஒரே வார்த்தையோடு நிறுத்த வேண்டாம். ‘ஸ்டேபிள் ஆஞ்சைனா’, ‘கிரானிக் கரோனரி சிண்ட்ரோம்’, ‘கரோனரி ஆர்ட்டரி டிசீஸ்’ என மூன்றையும் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். 2019-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் இரண்டாவது பெயருக்கு மாறியதால், புதிய ஆய்வுகள் அந்தப் பெயரில் இருக்கலாம்.

கிடைக்கும் பக்கத்தில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்:

• இப்போது ஆள் சேர்க்கிறார்களா, முடிந்துவிட்டதா?
• யார் சேரலாம், யார் சேரக் கூடாது? வயது, சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை எல்லாம் இங்கே இருக்கும்.
• எந்தெந்த மருத்துவமனைகள்? அப்பா போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனமோ அரசு மெடிக்கல் காலேஜோ பட்டியலில் உண்டா?
• அந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்துவிட்டதா?

படிவம் எந்த மொழியில்?

ஆரியசாலைக் குடும்பங்கள் இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். கேரள மருத்துவமனையில் ஒப்புதல் படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் அப்பா மலையாளத்தில் வியாபாரம் பேசுவார். ஆனால், பக்கவிளைவுகள் பற்றிய பல பக்கப் படிவத்தைப் படித்துப் புரிந்துகொள்வாரா?

பங்கேற்பவருக்குப் புரியும் எளிய மொழியில் தகவல் தர வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் ட்ரையல் விதிகள். படிக்கத் தெரியாதவர் என்றால், விளக்கம் சொல்லும்போது நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். தமிழில் கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். அன்றே கையெழுத்துப் போடவும் வேண்டாம். வீட்டுக்கு எடுத்துவந்து படிக்கலாம். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

ஏதாவது ஆகிவிட்டால்?

புதிய மருந்து ஆய்வில் பாதிப்பு வந்தால், தேவைப்படும் வரை, அல்லது பாதிப்புக்கு ஆய்வு காரணமில்லை என்று உறுதியாகும் வரை, இலவச சிகிச்சை தர வேண்டும். ஆய்வால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு உண்டு. அதைக் கணக்கிட 8 லட்சம் ரூபாய் அடிப்படைத் தொகை. வயதையும் நோயின் தீவிரத்தையும் பொறுத்து மாறும். ஆனால், சிடிஆர்ஐ-யில் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளும் இருக்கும். அத்தகைய கல்வி சார்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐசிஎம்ஆரின் நெறிமுறைப்படி நடப்பவை. உங்களுடையது எந்த வகை, இழப்பீடு யார் தருவார்கள் என்று படிவத்திலேயே பாருங்கள். ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் டெஸ்ட்டுகளுக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது.

இதய நோயில் இன்னொரு கேள்வி ரொம்ப முக்கியம்: “இப்போ சாப்பிடுற மாத்திரையை நிறுத்துவீங்களா?” ஆர்பிட்டா-2-இல் ஆஞ்சைனா மாத்திரைகளை நிறுத்திவிட்டுத்தான் சோதித்தார்கள், தினசரிக் கண்காணிப்போடு. எதை, எத்தனை நாள் நிறுத்துவார்கள், வலி கூடினால் நள்ளிரவில் யாரை அழைப்பது என்று எழுத்தில் கேளுங்கள். ட்ரையலில் இடம் கிடைக்கும் என்று நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, ஓய்வெடுத்தும் குறையாவிட்டாலோ, முன்பைவிட அடிக்கடி வந்தாலோ அது ‘ஸ்டேபிள்’ இல்லை. அப்போது ட்ரையல் பற்றி யோசிக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.