முத்திரை குத்திய பால்புட்டி

எலவனாசூர்கோட்டைப் பேருந்து நிறுத்தத்தில், கொதித்து நுரைதள்ளும் பாலை மெல்லிய கவரில் ஊற்றி, அதன் வாயை நூலால் சுற்றிக் கட்டி, கைக்குழந்தையோடு நிற்கும் தாயிடம் நீட்டுகிற தேநீர்க் கடைக்காரர், "ஃபுட் கிரேடு கவரும்மா, ஒண்ணும் ஆகாது" என்று அபயம் அளிக்கிறார். அவள் பாலை மாற்றிக்கொள்ளும் புட்டியிலோ 'பிபிஏ இல்லாதது' என்று அச்சிட்டிருக்கிறது. முத்திரை இருந்தால் பயமில்லை என்னும் இந்தப் பிரமையையே கண்டிக்க விரும்புகிறேன்.

பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் இறங்கும் பொருள்களின் மொத்த எடை கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது 2018-ஆம் ஆண்டின் இந்திய ஒழுங்குமுறை. சில உலோகங்கள் முதலியவற்றுக்குத் தனி வரம்பு உண்டு. மற்றவை அந்த 60-க்குள் அநாமதேயமாகக் குடியிருக்கலாம். அந்த வரம்போ, குடிப்பவர் எடை என்ன, வயது என்ன என்று கேட்பதில்லை. சிசுவானது தன் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 150 மில்லி பாலைத் தினமும் பருகுகிறது. அறுபது கிலோ எடையுள்ள நம் கடைக்காரர் அதே விகிதத்தில் பருகுவதானால் 9 லிட்டர் குடித்தாக வேண்டும்! பதினாறு வாரத்திற்கு உட்பட்ட சிசுக்களுக்குப் பொதுவான பாதுகாப்பு அளவுகளை அப்படியே பொருத்தலாகாது, தனி மதிப்பீடு வேண்டும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2017-இல் சொல்லியிருக்கிறது.

சில பிளாஸ்டிக்குகளின் தயாரிப்பில் சேரும் பிஸ்பினால்-ஏ என்னும் பிபிஏவின் சமாசாரம் இன்னும் விசித்திரம். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் வரை தாங்கலாம் என்று 2015-இல் கூறிய அதே ஆணையம், 2023-இல் அதை 0.2 நானோகிராமாக, அதாவது இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ஜெர்மானிய நிபுணர்கள் இதற்கு உடன்படவில்லை. ஆயினும் அவர்கள் நிர்ணயித்த அளவும் பழையதில் இருபதில் ஒரு பங்கே. நேற்றைய 'பத்திரம்' இன்று இப்படி ஆயிற்று.

இந்தியத் தர நிர்ணயம் பால்புட்டியில் பிபிஏ கூடாதென 2015-இலேயே விதித்துவிட்டது. மேலும், இன்று பெரும்பாலான புட்டிகள் பாலிபுரொப்பிலீனால் ஆனவை. அதன் தயாரிப்பில் பிபிஏவுக்கு இடமே இல்லை. ஆகவே அந்த அச்சு, நல்லெண்ணெய் டின்னில் 'மாமிசம் கலவாதது' என்று எழுதுவதற்குச் சமானம். அத்தகைய புட்டியில் வெந்நீர் விட்டுக் குலுக்கிய டப்ளின் ஆராய்ச்சியாளர்கள், லிட்டருக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் வரை நுண்பிளாஸ்டிக் துகள்களைக் கண்டதாக 2020-இல் அறிவித்தார்கள். அவற்றால் விளைவது என்ன என்பது இன்னும் நிரூபணமாகவில்லை; அதற்காக, விளைவு ஏதும் இல்லை என்று புட்டியின்மேல் எழுதிவிட முடியுமா?

அதே கடையில் எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கின்றன. இரண்டை எடுத்து மாற்றி மாற்றி ஆற்றினால் பால் வெதுவெதுப்பாகிவிடும். அப்புறம் பாட்டி கொடுத்தனுப்பிய, பால் புகட்டும் பாலாடை பையில் இருந்தால், புட்டியைத் திறக்கவே வேண்டாம்.