முதல் ரவுண்டு மாப்பிள்ளை

டிராஃப்ட் என்றால் நமக்கு இரண்டே அர்த்தம். ஒன்று, பாங்க்கில் கியூவில் நின்று, கமிஷன் கட்டி வாங்கி, வேலைக்கான அப்ளிகேஷனோடு பின் குத்தி அனுப்புவது. இன்னொன்று, நாம் ராத்திரியெல்லாம் முழித்து எழுதி மேனேஜரிடம் நீட்ட, அவர் பச்சை இங்க்கில் கோலம் போட்டுத் திருப்பித் தருவது. அமெரிக்காவில் மூன்றாவதாக ஒரு டிராஃப்ட் இருக்கிறது. ஏப்ரல் மாசக் கடைசியில் மூன்று நாள் நடக்கும். பந்து கிடையாது. கோல் கிடையாது. ஒருத்தரும் ஓட மாட்டார்கள். கோட் போட்ட ஒருவர் மேடைக்கு வந்து, கையிலிருக்கும் சீட்டைப் பார்த்து ஒரு பையனின் பேரை வாசிப்பார். அந்தப் பையன் தொப்பி மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பான். அவ்வளவுதான் சார் நிகழ்ச்சி! இதைப் பார்க்க 2024-ல் டெட்ராய்ட் நகரத்தில் மூன்று நாளும் சேர்த்துக் கூடிய கூட்டம் 7 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேல். அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தே பிரமித்தவன் நான். இங்கே அழகரும் இல்லை, ஆறும் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அமெரிக்க ஃபுட்பால் என்பது பேரளவில்தான் ஃபுட்பால். கால் பந்தைத் தொடுவது எப்போதாவது. மற்ற நேரமெல்லாம் கோழிமுட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், அல்லது தூக்கி எறிவார்கள். என்.எஃப்.எல். என்ற அமைப்பில் 32 டீம்கள். வருஷா வருஷம் காலேஜில் ஆடி முடித்து வெளியே வரும் பையன்களை இந்த 32 பேரும் வரிசையாகப் பொறுக்கிக்கொள்ளும் சடங்குக்குத்தான் டிராஃப்ட் என்று பெயர். ஏழு ரவுண்டு. போன வருஷம் படு மோசமாகத் தோற்றவனுக்கு முதல் சான்ஸ். கோப்பை ஜெயித்தவன் கடைசியில் நிற்க வேண்டும். டாலர் தேசத்தில் இப்படி ஒரு ரேஷன் கடை!

இதைக் கண்டுபிடித்தவர் பெர்ட் பெல். 1930-களில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டீமின் ஓனர். நல்ல பையன்களையெல்லாம் பணக்கார டீம்கள் கொத்திக்கொண்டு போக, இவருக்குக் கிடைத்ததெல்லாம் தோல்வி. 'எல்லாரும் முறை வைத்து எடுத்துக்கொள்வோம், ஏழைக்கு முதல் முறை' என்று 1935-ல் யோசனை சொன்னார். மற்றவர்களும் ஏனோ ஒப்புக்கொண்டார்கள். 1936 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஓட்டலில் முதல் டிராஃப்ட். முதல் சான்ஸும் பெல்லுக்கே. ஜே பெர்வாங்கர் என்ற காலேஜ் நட்சத்திரத்தை எடுத்தார். பையன் கேட்ட சம்பளம் கட்டுப்படியாகவில்லை. சிகாகோ டீமுக்குத் தள்ளிவிட்டார். அங்கேயும் படியவில்லை. பெர்வாங்கர் கடைசிவரை ஒரு புரொஃபஷனல் மேட்ச்கூட ஆடாமல் ஃபோம் ரப்பர் விற்கப் போய்விட்டார். டிராஃப்ட் வரலாற்றின் முதல் பெயரே இப்படி!

அந்த ராசியோ என்னவோ, டிராஃப்ட்டைப் பற்றி ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் மாதிரி அடித்துக்கொள்கிறவர்கள் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் ரசிகனுக்கு இதில் ஓட்டே இல்லை. கல்யாணத்தில் சித்தப்பா, ஒன்றுவிட்ட மாமா எல்லாம் மாப்பிள்ளையைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார்களே, அந்த உரிமைதான். பெண் பார்க்கும் படலம்கூட உண்டு. பிப்ரவரி கடைசி வாக்கில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் பையன்களை வரவழைத்து அரை டிராயரோடு நிற்க வைத்து உயரம், எடை பார்ப்பார்கள். 40 கஜம் ஓடச் சொல்லி ஸ்டாப் வாட்சில் பிடிப்பார்கள். கையை விரிக்கச் சொல்லி, கட்டை விரலிலிருந்து சுண்டு விரல்வரை அளப்பார்கள். பாடத் தெரியுமா என்று கேட்காததுதான் பாக்கி.

இந்த அளவுகளையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, 'நம்ம டீம் யாரை எடுக்கும், யாரை எடுக்கணும்' என்று மூன்று மாசம் பேசித் தீர்ப்பார்கள். இதையே தொழிலாக வைத்துக்கொண்டவர் மெல் கைப்பர். 1984 முதல் டி.வி.யில் ஜோசியம் சொன்னார். 1994-ல் இண்டியானாபொலிஸ் டீம், இவர் சொன்ன பையனை விட்டுவிட்டு ட்ரெவ் ஆல்பர்ட்ஸ் என்பவரை எடுத்தது. கைப்பர் டி.வி.யிலேயே கிழித்தார். டீமின் பெரிய தலை பில் டோபினுக்குக் கோபம் வந்துவிட்டது. அதே டி.வி.யில், 'யார் இந்தக் கைப்பர்? என் பக்கத்து வீட்டு போஸ்ட்மேனுக்கு இருக்கிற தகுதிக்கு மேல இவருக்கு என்ன இருக்கு?' என்கிற தோரணையில் பதில் கொடுத்தார். ஆல்பர்ட்ஸ் காயங்களோடு மூன்றே சீஸனில் ஒதுங்கினார். அதே நாளில் அதே டோபின் கொஞ்சம் முன்னால் எடுத்த மார்ஷல் ஃபாக், ஆட்டத்தின் மகா மனிதர்களில் ஒருவரானார். யார் கெட்டிக்காரர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போஸ்ட்மேன் கருத்து கேட்கப்படவில்லை.

1999-க்கு வருவோம். ஈகிள்ஸ் முந்தின சீஸனில் 16 மேட்ச் ஆடி 13 தோல்வி. அதனால் டிராஃப்ட்டில் இரண்டாவது சான்ஸ். ஊரே ஒரு பெயரைச் சொன்னது: ரிக்கி வில்லியம்ஸ். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துப் பையன். பந்தை வாங்கிக்கொண்டு ஆளை இடித்துக்கொண்டு ஓடுகிற 'ரன்னிங் பேக்'. காலேஜில் மொத்தம் 6,279 கஜம் ஓடி அப்போதைய சாதனையை முறியடித்தவன். மேயர் எட் ரெண்டல்கூட ரிக்கி கட்சி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ரேடியோ நிலையம், முப்பது வெறியர்களைத் திரட்டி பஸ்ஸில் ஏற்றி, டிராஃப்ட் நடந்த நியூயார்க் அரங்குக்கே அனுப்பி வைத்தது.

ஈகிள்ஸின் புதுக் கோச் ஆண்டி ரீட், ஊர் சொன்னதைக் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது 'குவார்ட்டர்பேக்', அதாவது பந்தை எறிந்து டீமை நடத்துகிறவன். ஏப்ரல் 17-ந் தேதி, சனிக்கிழமை. மேடையில் வாசிக்கப்பட்ட பெயர் டானவன் மெக்நாப்.

முப்பது பேரும் எழுந்து நின்று 'பூ...' என்று ஊளையிட்டார்கள்.

மெக்நாப்புக்கு அப்போது 22 வயசு. குடும்பத்தோடு வந்திருக்கிறான். சின்ன வயசிலிருந்து கனவு கண்ட நாள். எதிராளி கத்தினால் பரவாயில்லை. நாளை முதல் எவன் கைதட்டலுக்காக உடம்பை ரணமாக்கிக்கொள்ளப் போகிறானோ, அவனே கத்துகிறான். வேலைக்குச் சேரும் முதல் நாள், நீங்கள் அப்பா அம்மாவோடு ஆபீஸ் வாசலில் நிற்க, மொத்த ஸ்டாஃபும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி 'உன்னை யாருய்யா கூப்பிட்டது?' என்று கேட்டால் எப்படி இருக்கும்? பையன் சிரித்தபடி சட்டையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றான்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. குவார்ட்டர்பேக் வேலைக்கு மூளை வேண்டும், அது கறுப்பர்களுக்குச் சரிவராது என்று ரொம்ப காலம் அந்த ஊர்ப் பெரிய மனுஷர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். வாரன் மூன் என்ற அபாரமான குவார்ட்டர்பேக்கை 1978 டிராஃப்ட்டில் ஒரு டீம்கூடத் தொடவில்லை. கனடாவுக்குப் போய் ஐந்து கோப்பை ஜெயித்துக் காட்டிய பிறகுதான் கூப்பிட்டார்கள். 1999-ல் முதல் ரவுண்டிலேயே மூன்று கறுப்பு குவார்ட்டர்பேக்குகள் என்பது அன்றைக்குப் புதுசு; மெக்நாப் அதில் முதலாவது. முப்பது பேரும் நிறத்துக்காகக் கூவவில்லை. அவர்கள் கேட்ட ரிக்கியும் கறுப்பர்தான். ஆனால் 2003-ல் ரஷ் லிம்பா என்ற பேச்சாளர், கறுப்பர் என்பதால்தான் பத்திரிகைகள் மெக்நாப்பைத் தூக்கிவிடுகின்றன என்று டி.வி.யில் சொல்லி, சில நாளில் அந்த வேலையை விட்டுப் போக வேண்டி வந்தது. மெக்நாப் ஒவ்வொரு வாரமும் எத்தனை பரீட்சை எழுத வேண்டியிருந்தது பாருங்கள்.

எழுதினார். ஈகிள்ஸை ஐந்து முறை அரையிறுதி மாதிரியான கட்டத்துக்குக் கொண்டுபோனார். 2005 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்கிற ஃபைனல் வரை. 21-24 என்று மூன்றே பாயிண்ட்டில் தோல்வி. ஊர் என்ன சொல்லியது? 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்!'

சரி, ரிக்கி என்ன ஆனான்? நியூ ஆர்லியன்ஸ் டீமின் கோச் மைக் டிட்கா, அந்த வருஷம் கையிலிருந்த எல்லா பிக்கையும், போதாததற்கு அடுத்த வருஷத்து முதல் ரவுண்டையும் மூன்றாம் ரவுண்டையும் கொடுத்து அவனை வாங்கினார். ஒரே ஒரு ஆளுக்காகக் குடும்ப நகை, நிலம், பசுமாடு எல்லாம் காலி! ரிக்கி கல்யாண கவுன் போட்டுக்கொள்ள, டிட்கா மாப்பிள்ளையாக நிற்க, இருவரும் ஒரு பத்திரிகை அட்டையில் வந்தார்கள். (நான் சொன்ன கல்யாண உவமையை அவர்கள் முன்பே செய்துவிட்டார்கள்.) அந்த சீஸனில் 13 தோல்வி. டிட்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரிக்கி பிறகு மயாமிக்குப் போய் 2002-ல் லீகிலேயே அதிகம் ஓடினான். 2004-ல் திடீரென்று, போதும் என்று ஆட்டத்தை விட்டுவிட்டு கலிஃபோர்னியாவில் ஆயுர்வேதம் படிக்கப் போனான்! மூலிகை, வாதம், பித்தம், கபம் சகிதம். மறுபடி வந்து ஆடி, மொத்தம் 10,009 கஜத்தில் முடித்தான். அவனும் சோடை இல்லை. ஆனால் ஓடுகிறவனின் உடம்பு சீக்கிரம் தேயும். எறிகிறவன் பல வருஷம் தாங்குவான். ஆண்டி ரீட் போட்ட கணக்கு அதுதான். என் ஓட்டும் ரீட்டுக்கே, யாரும் கேட்காவிட்டாலும்.

2013 செப்டம்பரில் மெக்நாப்பின் 5-ம் நம்பர் சட்டையை இனி யாரும் போடக் கூடாது என்று ஈகிள்ஸ் மரியாதை செய்தது. மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. பஸ்ஸில் போன முப்பது பேரில் எத்தனை பேர் அங்கே இருந்தார்களோ.

டீம்காரர்களுக்காவது தெரிகிறதா என்றால், மாஸி, தாலர் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். (தாலருக்கு 2017-ல் நோபல் பரிசு வந்தது, இதற்காக மட்டும் இல்லை.) முதலில் எடுத்த ஆள், அதே இடத்துக்கு அடுத்ததாக எடுக்கப்பட்ட ஆளைவிட நன்றாக ஆட எவ்வளவு வாய்ப்பு? 100-க்கு 52, 53. பூவா தலையா போட்டாலே 50 வந்துவிடும். டாம் பிரேடி என்பவரை 2000-ல் 198 பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள். ஏழு சூப்பர் பௌல் ஜெயித்தார்.

என் மனைவியின் தம்பி ஃபிலடெல்ஃபியாவிலிருந்து முக்கால் மணி கார் தூரத்தில் இருக்கிறான். கம்ப்யூட்டர் உத்தியோகம். திருச்சியில் இருந்தவரை கிரிக்கெட் பைத்தியம். போன இரண்டாம் வருஷமே ஈகிள்ஸ் பைத்தியம். 2010 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போன்.

"அத்தான், மோசம் போயிட்டோம்."

எனக்குக் கை காலெல்லாம் ஆடிவிட்டது. "என்ன மச்சான், வேலை போச்சா?"

"அதெல்லாம் இல்ல அத்தான். எர்ல் தாமஸ் இருந்தான். கையெட்டுற தூரத்துல இருந்தான். இந்த மடையனுங்க அவனை விட்டுட்டு பிராண்டன் கிரஹாமை எடுத்துட்டானுங்க. அதுவும் 24-லேர்ந்து 13-க்கு ஏர்றதுக்கு ரெண்டு பிக்கைத் தாரை வார்த்துட்டு!"

"யாருப்பா அவங்கள்லாம்?"

"சொன்னாப் புரியாது அத்தான். அக்காகிட்ட குடுங்க."

அக்காவிடமும் அதையே சொல்லி அழுதான். அடுத்த பிக்கிலேயே தாமஸை சியாட்டில் டீம் அள்ளிக்கொண்டது. தாமஸ் வெகு சீக்கிரம் பெரிய ஆளாகி, 2014-ல் சூப்பர் பௌலும் ஜெயித்தார். கிரஹாமுக்கு முதல் வருஷமே முட்டி போச்சு. மச்சானின் ஆபீஸ் கான்டீனில் வருஷக்கணக்காக இதே ஒப்பாரி. கிரஹாம் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்.

2018 பிப்ரவரி 5, திங்கட்கிழமை. நான் ஆபீஸுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி போன். பேச்சே வரவில்லை அவனுக்கு. ஈகிள்ஸ் முதல் முறையாக சூப்பர் பௌல் ஜெயித்திருந்தது, 41-33. எதிரே அதே டாம் பிரேடி. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் சொச்சம். பிரேடி கையில் பந்து. ஒரு எறி எறிந்தால் கதை மாறிவிடும். பாய்ந்து வந்து அவர் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டது யார் தெரியுமா? பிராண்டன் கிரஹாம். தரையில் குதித்த பந்தைப் பிடித்தது டெரெக் பார்னெட், முந்தின வருஷத்து முதல் ரவுண்டு.

"மச்சான், இப்ப என்ன சொல்றே? எட்டு வருஷம் அந்தப் பிள்ளையை வறுத்தெடுத்தியே!"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் தெருவில் பட்டாசு வெடிப்பது கேட்டது.

"கிரஹாம் தெய்வம் அத்தான். நான் எப்பவுமே சொல்லியிருக்கேன்," என்றான். அப்புறம், "ஆனாலும் 13-ல எர்ல் தாமஸை எடுத்திருக்கணும்."