வைப்பர் நின்றால் மோட்டாரா குற்றவாளி?

புனேயில் மழை ஜூன் மாதம் பிறக்கிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நனைந்து வளர்ந்த நம்மவர்க்கு இந்தக் கணக்கு மனத்தில் பதியச் சில ஆண்டுகள் பிடிக்கும். மழைக்காலம் போனால் அடுத்த ஜூன் வரை காரின் வைப்பருக்கு வேலை இல்லை. ஏப்ரல், மே வெயிலில் ரப்பர் விறைத்துப் போகிறது; அச்சுகளில் புழுதி ஏறித் துரு கட்டுகிறது. பிறகு ஒரு மாலை மழை கொட்ட, எதிர் லாரியின் விளக்கில் கண் கூச, ஸ்விட்சைத் திருப்புகிறோம். வைப்பர் அசைய மறுக்கிறது! நள்ளிரவு ரயிலுக்கு நண்பர்களை ஏற்றிச் செல்லும் கார்கள் நம்மிடையே நாலைந்து உண்டு. எல்லாம் பல கை மாறி வந்த கிழங்கள். கண்டாலா மலைப்பாதையில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இத்தகைய வேளையில் நாம் செய்வது என்ன? நேரே மிஸ்திரியிடம் போகிறோம். "மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று அவர் தீர்ப்பளிக்கிறார். நாம் உதவித்தொகையிலிருந்து எண்ணி வைக்கிறோம். மின்சுற்றைக் காகிதத்தில் கண்டால் பாய்கிறோம். காரில் கண்டால் பர்சைத் திறக்கிறோம். பௌதிகத்தில் முதுகலை பயிலும் எனக்கு இது வெட்கமாகப் படுகிறது.

சென்ற ஆண்டு, நாங்கள் நால்வர் பங்கு போட்டு வாங்கிய காருக்கும் இதே தீர்ப்பு கிடைத்தது. அதுவும் பானட்டைத் திறந்து பாராமலே! ஸ்விட்சைப் போட்டுக் காது கொடுத்தேன். மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு விடுகிறவனைச் செத்தவன் என்று எந்த வைத்தியன் சொல்வான்? மோட்டாரின் சுழற்சியை இருபுற ஆட்டமாக மாற்றி வைப்பர் கைகளுக்குக் கொண்டு போவது சில இரும்புத் தண்டுகள். அவற்றின் மூட்டுகளில் பிளாஸ்டிக் புஷ் உண்டு. அது தேய்ந்து, தண்டு தன் குமிழிலிருந்து கழன்று கிடந்தது. புதிய புஷ்ஷும் சிறிது கிரீஸும் போட்டோம். மெஸ்ஸில் இரண்டு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான்.

ஆகவே என் கட்சி இது: பாகத்தை மாற்றுமுன் பழுதை விசாரியுங்கள். 1903-இல் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்ற வைப்பர், வண்டிக்குள்ளிருந்து நெம்புகோலைக் கையால் ஆட்டி இயக்குவது. பழுது எங்கே என்று ஆட்டுகிற கைக்கே தெரிந்திருக்கும். நம் வைப்பரைச் சற்றுக் கேட்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

ஒரு கை ஓடி மறு கை நின்றால் மோட்டார் நிரபராதி. நின்ற கையின் நட்டு தளர்ந்திருக்கும், அல்லது அதன் தண்டு கழன்றிருக்கும். சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸ். புதுப் பியூஸும் எரிந்தால் பெரிய பியூஸ் போட்டுவிடாதீர்கள், கம்பியே தீப்பற்றும். எங்கோ கம்பி தோலுரிந்து உடம்பைத் தொடுகிறது, அல்லது ஏதோ இறுகியிருக்கிறது. ஓடும் மோட்டார் ஓர் எதிர் மின்னியக்கு விசையை எழுப்பித் தன் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக் கொள்கிறது. நின்றுவிட்ட மோட்டாருக்கு அந்தக் காப்பு இல்லை. சுருளின் சிறு தடை மட்டுமே மிச்சம். துருவேறிய அச்சு பியூஸைக் கொல்வது இப்படித்தான். இதை நாம் பி.எஸ்ஸி.யில் எழுதி மார்க் வாங்கியவர்கள் அல்லவா?

பியூஸ் நன்றாயிருந்தால் டெஸ்ட் லாம்பை எடுங்கள். ஸ்விட்சைப் போட்டபின் மோட்டாரின் இணைப்பில் விளக்கு எரியாவிட்டால் குறை ஸ்விட்சிலோ கம்பியிலோ இருக்கிறது. எரிந்தும் மோட்டார் சும்மா இருந்தால், அதன் உடம்பிலிருந்து பாட்டரியின் மைனஸ் முனைக்கு ஒரு கம்பி கொடுத்துப் பாருங்கள். ஓடத் தொடங்கினால் எர்த் துருப்பிடித்ததே குற்றம். உப்புத்தாளால் தேய்த்தால் தீர்ந்தது. பழைய காரில் இது மிகச் சாதாரணம். அப்போதும் ஓடாவிட்டால்தான் மோட்டார் மேல் சந்தேகம். அதிலும் கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருக்கலாம். அணைத்ததும் கீழே போய்ப் படுக்காமல் வைப்பர் நட்டநடுவே நின்றால், பெரும்பாலும் மோட்டாரின் பல்சக்கர மூடிக்குள் இருக்கும் பார்க்கிங் காண்டாக்டில் அழுக்கு. தண்டுகளுக்கிடையே கை விடுமுன் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். விரல் திரும்ப முளைப்பதில்லை.

"மிஸ்திரி பிழைப்பில் மண் போடுகிறாயே" என்றார் ஒரு நண்பர். இல்லை. துருவேறி இறுகிய வைப்பர் கையைக் கண்ணாடி உடையாமல் கழற்றும் லாகவம் அவருடையது, என்னுடையது அன்று. நல்ல மிஸ்திரி சோதித்துத்தான் சொல்வார். சோதியாமல் சொல்பவரிடம் வாதாட நமக்கு இந்தியும் மராத்தியும் போதாது என்று சிலர் சமாதானம் கூறுகிறார்கள். எரிகிற டெஸ்ட் லாம்பைக் காட்ட எந்த மொழி வேண்டும்?

நம் சங்கம் பொங்கலுக்குக் கூடுகிறது, பட்டிமன்றத்துக்குக் கூடுகிறது. மே கடைசியில் ஒரு ஞாயிறு இந்தக் கிழட்டுக் கார்களுக்காகவும் கூடட்டும். கோடு கோடாகத் துடைக்கும் ரப்பர்களை அன்றே மாற்றிவிடலாம். டெஸ்ட் லாம்பு நான் கொண்டு வருகிறேன். பத்து எம்.எம். ஸ்பானர் வைத்திருப்பவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.