ஏரிக்கரையில் ஓர் இரவு
(மூன்றாமாண்டு இளங்கலை வரலாற்று மாணவி ஒருவர்)

 

நான் பண்ணைப்புரத்துக்காரி. ஊர்ப் பெயரைச் சொன்னதும், "இளையராஜா பிறந்த ஊரா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று பெருமையோடு சொல்வேன். எங்கள் ஊருக்கு இன்னொரு சொத்தும் உண்டு. காலையில் கதவைத் திறந்தால் மேற்கே நீண்டு கிடக்கும் மலை. பிறந்த நாள் முதல் அதைப் பார்க்கிறேன். ஆனால் அந்த மலையடிவாரத்தில் ஓர் இரவாவது வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேனா என்றால், இல்லை. எங்கோ சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விலையுயர்ந்த மிதிவண்டிகளைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நம் மலைகளில் மிதிக்கிறார்கள். கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். நாமோ அவர்களுக்கு டீக்கடை இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுப் பேருந்துக்கு நிற்கிறோம். இது சரிதானா என்பதே என் கேள்வி.

கடந்த தை மாதம் நாங்கள் எட்டு மாணவியர் ஒரு திட்டம் போட்டோம். பண்ணைப்புரத்திலிருந்து தேவாரம், போடி, தேனி வழியாக வைகை அணைவரை மிதிவண்டியில் போவது. இரவு நீரோரம் தங்கி மறுநாள் திரும்புவது. போகும் தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். செய்தி வீடுகளுக்குப் போயிற்று. ஒரே வாரத்தில் எட்டு நான்காயிற்று. என் அம்மாவும் மறுத்துவிட்டார். "குரங்கணியில என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதாடி? பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்த வேல?" என்றார்.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. குரங்கணியை நம் மாவட்டத்தில் யாரால் மறக்க முடியும்? 2018 மார்ச் 11. சென்னையிலிருந்தும் ஈரோட்டுப் பக்கத்திலிருந்தும் மலையேற வந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் பெண்கள். நம்மைவிடச் சில வயதே மூத்தவர்கள். அந்தத் துயரத்தைச் சொல்லி ஒரு தாய் மகளைத் தடுத்தால், தாயைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் திண்ணையிலிருந்த என் அம்மாச்சி வாய் திறந்தார். "நான் இவ வயசுல ஏலத்தோட்டத்துக்குச் சாக்கலூத்து மெட்டு வழியா நடந்து போனேன். இருட்டிப் போச்சுன்னா பாறைக்கடியில சாக்கை விரிச்சு நாங்க பத்துப் பொம்பளைக படுத்துக்குவோம். கூலிக்குப் போனப்ப எவரும் வேணாம்னு சொல்லலியே! ஆசைக்குப் போறேன்னா மட்டும் பயமாக்கும்?" என்றார். வீட்டில் யாரும் பேசவில்லை. மறுநாள் எனக்கு அனுமதி கிடைத்தது.

அம்மாச்சியின் கேள்வியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. தேவாரத்துக்கு மேலேயுள்ள அந்த ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையோடு ஏறி இறங்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். பென்னிகுவிக் 1895-இல் முடித்த பெரியாறு அணையைக் கட்டியவர்களும் காட்டுக்குள் குடிசை போட்டுத் தங்கிய தொழிலாளர்களே. காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மடிந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் பலர். அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம் விளைகிறது. ஆகவே முகாம் என்பது நமக்கு வெளிநாட்டுச் சரக்கு அன்று. பிழைப்புக்காகத் தங்கினோம், அறிவுக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் தங்கியதில்லை. வேறுபாடு அவ்வளவே.

"மலைமிதிவண்டி பணக்காரர் விளையாட்டு" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். அதன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்து இளைஞர்கள் 1970-களில் பழைய, கனத்த, பருத்த டயர் வண்டிகளைத் தேடி எடுத்து மலைப்பாதையில் இறக்கினார்கள். 1976-இல் தொடங்கிய அவர்களது பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒவ்வொரு முறை இறங்கி முடித்ததும் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்து போகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் வந்த பெயர் அது. ஓட்டை வண்டியில் பிறந்த அந்த விளையாட்டு 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஏறிற்று. 2023 அக்டோபரில் ஆசியப் போட்டியே நமக்கு அண்டையிலுள்ள கேரளத்துப் பொன்முடியில் நடந்தது.

நம்மிடம் வண்டி இல்லையா? பதினோராம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டி எங்கே போயிற்று? 2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த திட்டம் அது. பள்ளி முடிந்ததும் பல வீடுகளில் அந்த வண்டி கோழி அடையும் இடமாகிவிட்டது. சில வீடுகளில் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நாங்கள் நால்வரும் அந்த வண்டிகளையே துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டைகளை மாற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஆளுக்கு ஆன செலவு ஒரு சினிமாச் செலவைவிடக் குறைவு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வண்டிக்கு ஒரே கியர். மலைமிதிவண்டியில் முன்னால் சிறிய பல்சக்கரத்திலும் பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் செயினை மாற்றிக்கொண்டால், வேகம் குறையும். ஆனால் ஏற்றத்தில் கால் நோகாது. நம் வண்டியில் அந்த வசதியில்லை. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். கொண்டை ஊசி வளைவு இறக்கத்தில் அதை விடுவதும் அறிவுடைமை ஆகாது. சமவெளிச் சாலைக்கும் குளக்கரை மண்பாதைக்கும் அது தாராளமாகப் போதும்.

மதியத்துக்குள் அணையை அடைந்தோம். 1959-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் வரலாற்றை வகுப்பில் படித்ததுண்டு. 111 அடி உயர அணை, 71 அடிவரை தேக்கம் என்றெல்லாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்ததுண்டு. மிதித்து வந்து, வியர்வையோடு அந்த நீர்ப்பரப்பின் முன் நின்றபோதுதான், நம் ஊர் மலையில் பெய்த மழையும் இதில் இருக்கிறது என்ற எண்ணம் உடம்பில் உறைத்தது. மாலை வந்தது. பூங்கா பார்க்க வந்த எல்லாரையும் போல நாங்களும் கிளம்ப வேண்டியதாயிற்று. ஆண்டிபட்டிப் பக்கத்தில் ஒரு தோழியின் சித்தி வீட்டில் இரவு தங்கினோம். சித்தி அன்போடு தோசை வார்த்துப் போட்டார். ஆனாலும் ஏரிக்கரை இரவு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

"மேகமலைக்குப் போயிருக்கலாமே, அங்கே ஏரி இருக்கிறதே!" என்று திரும்பி வந்ததும் சிலர் சொன்னார்கள். இங்கேதான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. அங்குள்ள நீர்நிலைக்கு இரவில் வருகிறவை யானையும் காட்டெருமையும். அவை தண்ணீர் குடிக்கும் கரையில் நாம் கூடாரம் அடித்தால், அத்துமீறியவர் நாமே. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் நகரத் தெருவுக்குள் வந்தபோது நாம் எப்படி நடுங்கினோம்! நம் தெருவில் யானை வந்தால் அதற்குப் பெயர் அட்டகாசம். யானையின் தெருவில் நாம் படுத்தால் அதற்குப் பெயர் சாகசமா?

ஆகவே என் கருத்து இரண்டு பக்கத்தாருக்கும் கசக்கலாம். "போகவே கூடாது" என்பவர்களுக்கும் உடன்பட மாட்டேன். "எங்கும் போகலாம்" என்பவர்களுக்கும் உடன்பட மாட்டேன். போகத் தகுந்த இடத்தை அமைத்து, போகும் முறையைக் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்கிறேன்.

இதற்கு வழிகாட்டி தொலைவில் இல்லை. குமுளியைத் தாண்டினால் தேக்கடி. அங்கே பெரியாறு புலிகள் காப்பகத்தில், காட்டு வயணாப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துப் பிழைத்தவர்களை 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அழைத்துப் பேசியது. அவர்களையே ஒரு குழுவாக்கிக் காட்டுக் காவலுக்கும் சுற்றுலா வழிகாட்டலுக்கும் அமர்த்தியது. இன்று முன்பதிவு செய்து பணம் கட்டுகிற சிறு குழுக்கள் அந்த வழிகாட்டிகளோடு காட்டில் நடந்து, கூடாரத்தில் தங்கித் திரும்புகின்றன. யானைத் தடம் எது, எந்தக் காற்றில் எந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்பதெல்லாம் அறிந்தவர் உடன் இருக்கிறார். பயணிக்குப் பாதுகாப்பு, வழிகாட்டிக்கு வருவாய், காட்டுக்குக் காவல். ஒரே ஏற்பாட்டில் மூன்று பயன்!

அதே தேக்கடி இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டனர் என்றும், உயிர்காப்பு உடை அணிந்திருக்கவில்லை என்றும் பேசப்பட்டது. அதற்காகத் தேக்கடியில் படகையே ஒழித்துவிட்டார்களா? இல்லை, விதிகளை இறுக்கினார்கள். குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் அதுவே நடந்தது. 2018-இலேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் பதிவு முறையோடும் வழிகாட்டிகளோடும் மாநிலமெங்கும் 40 மலைப்பாதைகள் திறக்கப்பட்டன. குரங்கணிப் பக்கத்துப் பாதையும் அவற்றுள் ஒன்று. அரசே, தடை மட்டும் மருந்தாகாது என்று கண்டுகொண்ட பிறகு, வீடுகள் மட்டும் ஏன் தடையோடு நிற்க வேண்டும்?

கற்க வேண்டியவையும் மலையளவு அல்ல. மாசி முதல் சித்திரை வரை புல் காய்ந்த சரிவுக்குப் போகாதே. தீ சரிவில் கீழ்நோக்கிப் பரவுவதைவிட மேல்நோக்கி விரைவாய் ஏறும் என்பதை மறவாதே. மழை ஓய்ந்த தை மாதமே நம் பக்கத்துக்கு ஏற்ற பருவம். ஆற்றுப் படுகையில் படுக்காதே. வைகை அணையில் நீர் 66 அடி, 68.5 அடி, 69 அடி எட்டும்போது மூன்று முறை வெள்ள எச்சரிக்கை விடுப்பது கீழே இருப்பவர்களுக்காகத்தான். கரையிலிருந்து தள்ளி, மேட்டில் கூடாரம் போடு. ஆழம் தெரியாத நீரில் இறங்காதே. கொண்டு போன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வா. இவ்வளவையும் ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம்.

இனி என் வேண்டுகோள்கள். முதலாவது, அரசுக்கு. காப்பகத்துக்கு வெளியே, ஏதேனும் ஓர் அணைக்கட்டு ஓரத்திலோ பெரிய கண்மாய்க் கரையிலோ மாணவர்க்கென ஒரு முகாம் திடல் வேண்டும். மாளிகை கேட்கவில்லை. சமன் செய்த மேட்டு நிலம், குடிநீர், விளக்கு, பூட்டக்கூடிய கழிப்பறை, இரவுக் காவலுக்கு ஆண் ஒருவர், பெண் ஒருவர் போதும். அந்த வேலை அருகிலுள்ள ஊர்க்காரர்களுக்கே கிடைக்கட்டும்.

இரண்டாவது, நம் கல்லூரிக்கு. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுதோறும் ஏழு நாள் முகாம் நடத்துகிறோம். அதில் ஒரு நாளை மிதிவண்டி நாளாக்கலாம். ஆசிரியர் இருவர் உடன் வந்தால் பெற்றோரின் பாதி அச்சம் பறந்துவிடும்.

மூன்றாவது, பெற்றோருக்கு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது. ஊர் சிரித்தது, பெண்கள் மிதித்தார்கள், பிறகு ஊரே அவர்களைப் பார்த்துக் கற்றது. அந்தத் தலைமுறையின் பேத்திகள் நாங்கள். எங்களைக் காப்பாற்றுங்கள், கட்டிப் போடாதீர்கள்.

அன்று வராமல் போன நான்கு தோழியரில் ஒருத்திக்கு இந்த ஆனியில் திருமணம் ஆகிவிட்டது. அவளை அண்மையில் சந்தித்தபோது, "அணை எப்படிடி இருந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்டாள். அவள் ஊரிலிருந்து அணை ஒன்றரை மணி நேரப் பேருந்துத் தொலைவு. அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தை மாதம் நாங்கள் மீண்டும் புறப்படுகிறோம். நால்வராக அன்று, எண்மராகவேனும் போக வேண்டும் என்பதே என் ஆசை. அன்றைக்கு ஏரிக்கரையில் எங்களுக்கென்று ஓர் அடி மண் இருக்குமானால், என் அம்மாச்சியையும் அழைத்துப் போவேன். கூலிக்காக அல்லாமல், ஆசைக்காக அவரும் ஓர் இரவு வானத்தின் கீழே படுக்கட்டும்!