இரு மனைவியர், ஒரே கேள்வி

போர்முனை சென்ற சிப்பாய் மீளாவிடின் அவன் மனைவியின் வாழ்வு யாதாகும்? அவள் சுமங்கலியுமல்லள், விதவையுமல்லள். 1996இல் முல்லைத்தீவு முகாமும் 1998இல் கிளிநொச்சி முகாமும் வீழ்ந்தபோது, தென்னிலங்கைக் குடும்பங்கள் பல இக்கதியை அடைந்தன. அத்துயரை நாம் எள்ளி நகையாடோம். அவளுக்கும் உண்மை வேண்டும்.

ஆனால், அதே 1996இல் யாழ்ப்பாணத்தில் இராணுவம் பிடித்துச் சென்ற நூற்றுக்கணக்கானோரின் மனைவியரும் இன்றுவரை காத்திருக்கின்றனரே! சிப்பாயின் மனைவிக்குப் படையின் பதிவேடுண்டு, அரசின் கொடுப்பனவுமுண்டு. நம் பெண்ணுக்கு முகாம் வாசலிற் கிடைத்ததோ "தெரியாது" என்ற ஒரு சொல்லே!

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போன படையினரையும் நம்மவரையும் ஒரே வரைவிலக்கணத்துள் அடக்கிற்று. சட்டம் சமனெனக் கொண்ட துயரை ஆட்சி சமனெனக் கொள்ளாததேன்? காணாமற்போனாரெனச் சான்றிதழ் வழங்கின் போதுமோ? கடுதாசி கணவனாகுமோ?

நாம் கேட்பது இதுவே: தன் சிப்பாய் எந்நாளில் எம்முகாமில் நின்றானென்று எழுதிவைக்கும் இராணுவம், அம்முகாமில் அடைக்கப்பட்டோர் எவரென்பதை அறியாதோ? அப்பதிவேடுகளை நீதிமன்றின் முன் வைக்குக! அதுவரை நம் பெண்கள் வீதியை விட்டகலார். நாமும் அவர்களை விட்டகலோம்.