மாறாத சத்தியத்திற்கு வோட்டெடுப்பா?

கத்தோலிக்க மதத்திற்குள் சுமார் அறுபது வருஷ காலமாக ஒரு பெரிய கலகம் நடந்து வருகின்றது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பூசையை லத்தீனில் செய்வதா, அவரவர் பாஷையில் செய்வதா என்கின்ற சில்லறைச் சண்டையாகத் தோன்றும். "கிறிஸ்தவர் வீட்டுச் சண்டையில் நமக்கென்ன வேலை?" என்று நம்மவர்களில் சிலர் கேட்கவும் கூடும். ஆனால், எந்த மதத்தின் குட்டும் அதன் எதிரிகளால் வெளியானதைவிட, அம்மதத்தார் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்ட காலத்தில் வெளியானதே அதிகமாகும். ஆகவே இந்தச் சண்டையைச் சற்று நிதானமாய்க் கவனிப்போம்.

சங்கதி இதுதான். 1570-ல் 5-வது பயஸ் என்னும் போப்பாண்டவர் ஒரு பூசைப் புத்தகத்தை வெளியிட்டார். அதில் எக்காலத்திலும் எவரும் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ கூடாதென்றும், மீறுகின்றவன் சர்வவல்லமையுள்ள கடவுளின் கோபத்திற்கும், அப்போஸ்தலர்களான இராயப்பர், சின்னப்பர் ஆகியவர்களின் கோபத்திற்கும் ஆளாவான் என்றும் உத்தரவு போட்டார். சுமார் 400 வருஷங்களுக்குப் பிறகு, 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் இரண்டாவது வத்திக்கான் சங்கம் கூடிற்று. அதன் பலனாக 1969-ல் 6-வது பால் என்னும் போப்பு புதிய பூசை முறை ஒன்றை ஏற்படுத்தினார். பெரும்பாலான கோயில்களில் லத்தீன் போய் ஊர்ப் பாஷை வந்தது. பீடத்தைப் பார்த்து நின்ற குருவும் ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார்.

இதைச் சகிக்க முடியாத பிரெஞ்சுக்கார மேற்றிராணியார் மார்செல் லெஃபேவர் என்பவர் 1970-ல் பத்தாம் பயஸ் சபை என்று ஒரு சபையை ஸ்தாபித்து, சுவிட்சர்லாந்தில் எக்கோன் என்ற ஊரில் பழைய முறைப்படி குருமார்களைத் தயார் செய்தார். 1988-ல் போப்பின் உத்தரவில்லாமலே நான்கு பேருக்கு மேற்றிராணியார் பட்டம் கொடுத்தார். உடனே அவரும் அந்நால்வரும் சபைப் பிரஷ்டமானதாக ரோமாபுரி அறிவித்தது. 2007-ல் 16-வது பெனடிக்ட், பழைய பூசையைக் குருமார்கள் தாராளமாய்ச் செய்யலாம் என்றார். 2009-ல் நால்வரின் பிரஷ்டத்தையும் நீக்கினார். 2021-ல் பிரான்சிஸ் என்னும் போப்பு அந்தத் தாராளத்தை ரத்துச்செய்து, பழைய பூசைக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தார்.

ஒரு போப்பு பூட்டுகின்றார், அடுத்தவர் திறக்கின்றார், அதற்கு அடுத்தவர் மறுபடியும் பூட்டுகின்றார். ஒவ்வொருவரும் பரிசுத்த ஆவியின் துணைகொண்டே சபையை நடத்துவதாகச் சொல்லப்படுகின்றது. அப்படியானால் அந்தப் பரிசுத்த ஆவி 1570-ல் ஒன்றும், 1969-ல் ஒன்றும், 2007-ல் ஒன்றும், 2021-ல் ஒன்றுமாக ஏன் சொல்லவேண்டும்? ஒரு தாலூகா கச்சேரி குமாஸ்தா இப்படி உத்தரவை மாற்றி மாற்றி எழுதினால் அவனுக்கு வேலை நிலைக்குமா என்று கேட்கின்றோம்.

நிற்க, பழைய கட்சியார் போற்றுகின்ற அந்தப் "பழைமை"தான் எவ்வளவு பழையது என்று பார்ப்போம். 5-வது பயஸின் புத்தகத்தை 1604-ல் 8-வது கிளெமெண்ட் திருத்தினார். 1634-ல் 8-வது அர்பன் திருத்தினார். 1955-ல் 12-வது பயஸ் பெரிய வாரச் சடங்குகளை மாற்றினார். 1962-ல் 23-வது ஜான் பூசையின் நடுப்பாகத்திலேயே சூசையப்பரின் பெயரைச் சேர்த்தார். இத்தனை பேர் கைவைத்த 1962-ம் வருஷத்துப் புத்தகத்தைத்தான் இன்று லெஃபேவர் சபையார் "என்றும் மாறாத பூசை" என்று கையில் வைத்திருக்கிறார்கள். இராயப்பர் சின்னப்பர் கோபம் 1604-லேயே யார் தலையிலாவது இறங்கியிருக்க வேண்டுமே! ஒன்றும் இறங்கவில்லை. சாபமும் மனிதன் எழுதியது, திருத்தமும் மனிதன் எழுதியது என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

ஆனால் ஒரு விஷயத்தில் பழைய கட்சியார் பக்கமே நியாயம் இருக்கின்றதென்பதை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். 1864-ல் 9-வது பயஸ் "தப்பிதங்களின் அட்டவணை" ஒன்றை வெளியிட்டார். பகுத்தறிவின் வெளிச்சத்தைக் கொண்டு தனக்கு உண்மையென்று பட்ட மதத்தைத் தழுவ ஒவ்வொரு மனிதனுக்கும் சுதந்திரமுண்டு என்பது அதில் கண்டிக்கப்பட்ட தப்பிதங்களில் ஒன்று. 1965-ல் வத்திக்கான் சங்கமோ, மத விஷயத்தில் எவரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது, அந்தச் சுதந்திரம் மனிதனின் உரிமை என்று தீர்மானம் செய்தது. சாதகமாக 2308 வோட்டு. விரோதமாக 70 வோட்டு. "நேற்றுத் தப்பிதமென்றது இன்று எப்படி உரிமையாயிற்று?" என்று லெஃபேவர் கேட்டார். இது நியாயமான கேள்விதான். "கொள்கை மாறவில்லை, வளர்ந்திருக்கின்றது" என்கின்றார்கள் புதிய கட்சியார். குழந்தை பெரியவனாவது வளர்ச்சி. "கூடாது" என்பது "கூடும்" என்றாவதற்கு வளர்ச்சியென்று பெயர் வைத்தால், அகராதியையல்லவா முதலில் திருத்தவேண்டும்?

அந்த மாறுதலைப் பற்றி நமக்குச் சந்தோஷமே. ஆனால் அது யாரால் வந்தது? 1600-ல் ரோமாபுரியில் உயிரோடு கொளுத்தப்பட்ட புரூனோவைப் போன்றவர்களாலும், 1633-ல் மண்டியிட வைக்கப்பட்ட கலிலியோவைப் போன்றவர்களாலும், 1789-ல் கிளம்பிய பிரெஞ்சு ஜனங்களாலும், போப்பின் தடைப் பட்டியலைச் சட்டை செய்யாமல் புத்தகம் எழுதியவர்களாலும் படித்தவர்களாலும் வந்தது. உலகம் முன்னே போய்விட்டது. சபை மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தது. கலிலியோ விஷயத்தில் நடந்தது தவறு என்று போப்பு ஒருவர் பகிரங்கமாய் ஒப்புக்கொள்ள 1992 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

யூதர்கள் விஷயத்தையும் பாருங்கள். பெரிய வெள்ளிக்கிழமை ஜெபத்தில் யூதர்களை நம்பிக்கை கெட்டவர்கள் என்று குறிக்கும் வார்த்தை பல நூற்றாண்டுகளாய் லத்தீனில் சொல்லப்பட்டு வந்தது. ஐரோப்பாவில் சுமார் 60 லட்சம் யூதர்கள் ஹிட்லரால் கொல்லப்பட்ட பிறகு, 1959-ல்தான் அந்த வார்த்தை எடுக்கப்பட்டது. லெஃபேவர் பட்டங்கொடுத்த நால்வரில் ஒருவரான வில்லியம்சன், யூதரைக் கொல்ல விஷவாயு அறைகளே இருக்கவில்லை என்று சொன்ன பேட்டி, 2009-ல் அவரது பிரஷ்டம் நீங்கிய அதே நாட்களில் வெளியாகி உலகமே காறித்துப்பிற்று. மாறாத பழைமை என்ற மூட்டைக்குள் என்னென்ன சரக்குகள் இருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பாஷை விஷயத்தில் நமக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. சமஸ்கிருத மந்திரத்தைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பழகிய நாடு இது. புரியாத பாஷையில்தான் பக்தி உண்டாகின்றது என்று அங்கே பாதிரியார் சொல்வதும், இங்கே பார்ப்பனர் சொல்வதும் ஒரே தொழில் ரகசியமே. புரிந்தால் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்டால் தட்டில் காசு குறையும்.

இனி, சபைக்கு வந்திருக்கும் உண்மையான ஆபத்துக்கு வருவோம். குருமார்கள் குழந்தைகளைக் கெடுத்த கொடுமை 2002 முதல் தேசத்திற்குத் தேசம் வெளியாகி வருகின்றது. அமெரிக்காவில் பென்சில்வேனியா ராஜ்யத்தில் மட்டும் 300-க்கு மேற்பட்ட குருமார்கள் மீதும், 1000-க்கு மேற்பட்ட குழந்தைகள் விஷயத்திலும் ஆதாரமிருப்பதாக 2018-ல் ஜூரிகள் அறிக்கை வெளியிட்டார்கள். "வத்திக்கான் சங்கம் கதவைத் திறந்துவிட்டதால் வந்த கேடு இது, பழைய பூசை வந்தால் ஒழுக்கமும் திரும்பிவரும்" என்று பழைய கட்சியார் பிரசாரம் செய்கின்றார்கள். ஆனால் பிரான்சில் சபையே நியமித்த சுயேச்சைக் கமிஷன் 2021-ல் என்ன சொல்லிற்று? 1950 முதல் 2020 வரை குருமார்களாலும் சந்நியாசிகளாலும் கெடுக்கப்பட்ட சிறுவர் சிறுமியர் சுமார் 2,16,000 பேர் இருக்கலாமென்று கணக்கிட்டது. கொடுமைகளில் பாதிக்கு மேல் 1940-க்கும் 1969-க்கும் இடையில் நடந்தவையென்றும் சொல்லிற்று. அது லத்தீன் பூசை கோலோச்சிய காலமல்லவா? பாஷை லத்தீனாயிருந்ததால் எந்தக் குழந்தை தப்பியது? குருவானவர் கடவுளின் பிரதிநிதி, அவர்மேல் குறைசொல்வது பாவம் என்று பெற்றோரையே வாயடைக்கச் செய்த அந்தப் பயத்தைப் பற்றி இரண்டு கட்சியாரும் பேசுவதில்லை. பேசினால் இருவர் பிழைப்பும் போய்விடும்.

லெஃபேவர் சபைக்கு நமது பாளையங்கோட்டையிலும் ஒரு மடம் இருக்கின்றது. ஆகவே, "பழைய முறை" நம் நாட்டில் எப்படி இருந்ததென்றும் கொஞ்சம் ஞாபகப்படுத்துவோம். அதே திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலில் வேளாளக் கிறிஸ்தவருக்கு ஒரு பக்கம், மற்ற ஜாதிக் கிறிஸ்தவருக்கு ஒரு பக்கம், நடுவில் தடுப்பு! பூசை செய்தவர் ஐரோப்பியப் பாதிரியார். பாஷை சுத்த லத்தீன். 1910-ல் அந்தத் தடுப்பை எடுத்ததும், வேளாளக் கிறிஸ்தவர்கள் ஏசுவின் கோயிலில் தங்கள் ஜாதி உரிமை போயிற்றென்று கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஐகோர்ட்டு அவர்கள் வழக்கைத் தள்ளிற்று. சரி, பூசை தமிழானதும் ஜாதி போயிற்றா? 2008-ல் விழுப்புரம் ஜில்லா எறையூரில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் சம உரிமையும் தங்களுக்குத் தனிப் பங்கும் கேட்டதற்காக, அதே ஏசுவைக் கும்பிடும் ஜாதிக் கிறிஸ்தவர்களால் தாக்கப்பட்டார்கள். வீடுகள் நொறுங்கின. போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இரண்டு உயிர் போயிற்று. லத்தீன் கடவுளுக்கும் தமிழ்க் கடவுளுக்கும் இந்த விஷயத்தில் ஒரே மௌனந்தான்!

கடைசியாக ஒன்று. 1870-ல் முதலாவது வத்திக்கான் சங்கம், விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிப் போப்பு தமது பீடத்திலிருந்து தீர்ப்புச் சொன்னால் அது தவறவே தவறாது என்று 533-க்கு 2 வோட்டில் தீர்மானித்தது. பழைய கட்சியார் இதைத் தலைமேல் வைத்துக் கூத்தாடுபவர்கள். ஆனாலும் 1969-ல் போப்பு செய்தது தவறு என்கின்றார்கள். அவர்களில் இன்னுங் கொஞ்சம் துணிந்தவர்கள், 1958-ல் 12-வது பயஸ் இறந்ததிலிருந்து போப்பின் பீடமே காலி என்கின்றார்கள். தவறாதவர் தவறினார் என்று இவர்கள் எதைக்கொண்டு தீர்மானித்தார்கள்? தங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டுதானே? 9-வது பயஸ் கண்டித்த அதே பகுத்தறிவின் வெளிச்சத்தைக் கொண்டுதானே?

ஆகவே, கத்தோலிக்கத் தோழர்களே! போப்பு சொன்னாலும் என் மனதுக்குச் சரியென்று படாததை ஏற்கமாட்டேன் என்று சொல்ல உங்களில் ஒரு கூட்டத்தாருக்குத் துணிவு வந்துவிட்டது. அந்தத் துணிவை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் அதை ஒரு செத்த பாஷைக்காக ஏன் செலவழிக்கவேண்டும்? அதே துணிவோடு, கோயிலில் ஜாதி ஏன் என்று கேளுங்கள். பெண்ணுக்குக் குருப்பட்டம் ஏன் இல்லை என்று கேளுங்கள். குழந்தையைக் கெடுத்தவனை ஊர்விட்டு ஊர் மாற்றி ஒளித்த மேற்றிராணியாருக்கு ஏன் இன்னும் முழந்தாளிடவேண்டும் என்று கேளுங்கள். 1965-ல் 2308 பேர் கைதூக்கி மாற்றக்கூடியதாய் ஒரு சத்தியம் இருக்குமானால், அது மனிதர் செய்த சத்தியம். மனிதர் செய்ததை, அதனால் கஷ்டப்படுகின்ற மனிதர்கள் மாற்றவும் ஒழிக்கவும் எந்த ரோமாபுரியின் அனுமதியும் வேண்டியதில்லை.