மேற்கோள் எண்ணிக்கை எதை அளக்கிறது?

விஞ்ஞான உலகில் மிக அதிக முறை மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை எது? ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கை என்பீர்கள், அல்லது டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கூறிய கட்டுரை என்பீர்கள். இரண்டும் அல்ல. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் செய்முறையைக் கூறும் கட்டுரைதான் அது! அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் ஆலிவர் லௌரி, சகாக்கள் மூவருடன் 1951இல் அதை வெளியிட்டார். 'நேச்சர்' இதழ் 2014இல் தொகுத்த பட்டியலில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களுடன் அது முதலிடம் பெற்றிருந்தது. இரட்டைச் சுருள் கட்டுரைக்கோ முதல் நூறில்கூட இடமில்லை.

மேற்கோள் என்பது என்ன? ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, தாம் பயன்படுத்திய முந்தைய கட்டுரைகளை இறுதியில் குறிப்பிடுவார். அப்படி ஒரு கட்டுரையை எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்பதே மேற்கோள் எண்ணிக்கை. யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1964இல் இதற்கான அட்டவணையை வெளியிடத் தொடங்கினார். அன்றுமுதல் விஞ்ஞானிகளை எண்ணால் எடைபோடுவது எளிதாகிவிட்டது.

லௌரியின் முறை எளியது. புரதக் கரைசலுடன் காரம் கலந்த செப்புக் கரைசலைச் சேர்த்து, பிறகு ஃபோலின் வினைப்பொருளை ஊற்றினால் நீல நிறம் தோன்றும். புரதம் கூடக் கூட நிறமும் அடர்ந்துகொண்டே போகும். பள்ளியில் நீங்கள் செய்யும் பையூரெட் சோதனையைவிட இது 100 மடங்கு நுட்பமானது. புரதத்தை ஆராய்ந்த ஏராளமான ஆய்வுக்கூடங்கள் இதைக் கையாண்டன, மறவாமல் குறிப்பிட்டன.

ஆனால் லௌரியின் வாழ்நாள் உழைப்பு வேறு. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், ஒற்றை நரம்பு செல்லை எடைபோடும் அளவுக்கு நுட்பமான தராசைக் குவார்ட்ஸ் இழையால் அமைத்தார். அந்த ஒரு செல்லுக்குள் நடக்கும் வேதி மாற்றங்களையும் அளந்து காட்டினார். புகழ்பெற்ற அந்தப் புரதக் கட்டுரை மகத்தானது அல்ல என்று அவரே 1977இல் எழுதினார்.

அப்படியானால் அந்த எண்ணிக்கை பொய்யா? இல்லை. இயற்பியலில் ஓர் உதாரணம் பாருங்கள். கம்பி மத்தாப்பிலிருந்து தெறிக்கும் பொறியின் வெப்பநிலை கொதிநீரினுடையதைவிட மிக அதிகம். ஆயினும் பொறி கையில் பட்டால் சுருக்கென்பதோடு சரி. ஒரு குவளைக் கொதிநீர் பட்டால் தோல் வெந்துவிடும். வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு அல்லவா? அதுபோல மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரையின் பயன்பாட்டை அளக்கிறது. அதன் ஆழத்தை அல்ல. மிகப் பெரிய கண்டுபிடிப்புகள் விரைவில் பாடப் புத்தகத்தில் சேர்ந்துவிடும். இன்று நியூட்டன் விதியைப் பயன்படுத்துபவர் யாரும் அவருடைய நூலை மேற்கோள் காட்டுவதில்லை!

அளவுகோலை மாற்றினால் விடையும் மாறும். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் 'எச்' எண் என்ற ஒன்றை முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் அதிகபட்சம் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், அவர் எண் 20. இந்தக் கணக்கில் லௌரியின் மூன்று லட்சமும் ஒரே ஒரு கட்டுரைதான்!

இன்று வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி ஆகியவற்றுக்குப் பல இடங்களில் இந்த எண்களைப் பார்க்கிறார்கள். அதனால் ஒரே ஆய்வைத் துண்டு துண்டாக வெளியிடுவதும், ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொள்வதும் நடக்கின்றன. பல ஆண்டுகள் பொறுத்திருந்து செய்யவேண்டிய கடினமான ஆய்வை இளம் விஞ்ஞானி தொடவே தயங்குகிறார். இதுதான் உண்மையான இழப்பு. எண்களை மட்டும் நம்பாமல் ஆய்வையே படித்து மதிப்பிட வேண்டும் என்று 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள் வலியுறுத்தியது சரியே என்பது என் கருத்து.

மாணவ நண்பர்களே! நல்ல கருவியைச் செய்து தந்தவரைப் போற்றுவோம். லௌரி அதற்கு முற்றிலும் தகுதியானவர். ஆனால் ஒரு விஞ்ஞானியின் பெயருக்குப் பக்கத்தில் பெரிய எண்ணைக் கண்டால், அவர் எதைக் கண்டறிந்தார், எப்படிக் கண்டறிந்தார் என்று முதலில் கேளுங்கள்.